சம்பளம் 65,000 கூடினா கையில 2,600 குறையுமா? எட்டாம் வகுப்பு கணக்கு சொல்ற பதில்



போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அல்லிநகரத்துல எங்க வீட்டுக்கு ஒரு தம்பி வந்தார். அம்மாவோட ஒண்ணா வேலை பார்த்த டீச்சரோட மகன். மதுரையில ஒரு ஐடி கம்பெனியில வேலை. வாரக் கடைசியானா போடி ரயிலைப் பிடிச்சு ஊருக்கு வந்திடுவார். அன்னைக்கு கையில ஒரு ஆஃபர் லெட்டர், முகத்துல ஒரே சந்தோஷம்.

"அண்ணே, சென்னையில வேலை கிடைச்சிருக்கு. இப்போ எனக்கு வருஷத்துக்கு 12,75,000. அங்க 13,40,000 தர்றாங்க. 65,000 கூடுது. நாளைக்கு ஓகே சொல்லணும். உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

"சரிப்பா, அந்த 65,000-ல கைக்கு எவ்வளவு வரும்னு பார்த்தியா?"

"நம்ம ஸ்லாப் 15 சதவீதம்தானே அண்ணே? வரி போக எப்படியும் ஒரு 55,000 நிக்கும்."

நிக்காது. அந்த 55,000 மட்டுமில்ல, ஒரு ரூபாய்கூட நிக்காது. மதுரையில வாங்கினதைவிட சென்னையில வருஷத்துக்கு 2,600 ரூபாய் குறைவாத்தான் கைக்கு வரும். இதுல சென்னை வாடகையை நான் இன்னும் சேர்க்கவே இல்ல.

அந்தத் தம்பி இன்ஜினியரிங் படிச்சவர். என்னைவிட வேகமா மனக்கணக்கு போடுவார். அவர் செஞ்ச 65,000 × 0.85-ல ஒரு தப்பும் கிடையாது. அவர் தப்பான கணக்கை சரியா போட்டிருந்தார். அவ்வளவுதான்.

பத்து வருஷத்துக்கும் மேல மத்தவங்க கணக்கைப் பார்த்துட்டு இருக்கேன். சம்பளம் வாங்குறவங்க பணத்துல பண்ற தப்பு பெரும்பாலும் கூட்டல் கழித்தல்ல வர்றதில்ல. அதுக்கு ஃபோன்லயே கால்குலேட்டர் இருக்கு. தமிழ்ல, இங்கிலீஷ்ல வாக்கியமா இருக்கிற ஒரு விஷயத்தை சமன்பாடா எழுதாம நேரா கால்குலேட்டருக்குப் போறோம் பாருங்க, அங்கதான் தப்பு வருது. எட்டாம் வகுப்புல "ஒரு எண்ணின் இருமடங்குடன் ஐந்தைக் கூட்டினால்..."னு படிச்சோமே, அதேதான். அதை இன்னைக்கு தூசு தட்டி எடுப்போம். கடைசியில அந்தத் தம்பி என்ன முடிவு எடுத்தார்னும் சொல்றேன்.

பாட்டி போட்ட புறா கணக்கு

சின்ன வயசுல பாட்டிகிட்ட நான் கேட்ட கணக்கு இது. உங்க வீட்டுலயும் யாராவது கேட்டிருப்பாங்க.

ஒரு புறா மரத்துல உட்கார்ந்திருக்கு. மேல ஒரு புறாக் கூட்டம் பறந்து போகுது. "என்ன, நூறு பேரா போறீங்க?"ன்னு மரத்துப் புறா கேட்குது. கூட்டத்தோட தலைவர் சொல்லுது: "நாங்க நூறு இல்ல. நாங்க எத்தனை பேரோ அதே அளவு இன்னொரு கூட்டம், எங்கள்ல பாதி, அந்தப் பாதியில பாதி, கடைசியா நீயும் வந்து சேர்ந்தா நூறு." அப்போ பறந்து போற கூட்டத்துல எத்தனை?

பாட்டி பேப்பர் எடுக்கலை. "கூட்டத்துல 4 பேர்னு வச்சுக்கோ. 4, இன்னொரு 4, பாதி 2, பாதியில பாதி 1. மொத்தம் 11. மரத்துல இருக்கிறதை விட்டா நமக்கு வேண்டியது 99. பதினொண்ணு 9 தடவை போனா 99. அப்போ நாலையும் 9 தடவை வை. 36." முடிஞ்சது.

பள்ளிக்கூடத்துல என்ன செய்வோம்? தெரியாத எண்ணை எக்ஸ்னு வைப்போம். எக்ஸ்தான் வேணும்னு இல்ல. நான் பறவைக்கு 'ப'ன்னு வைக்கிறேன்.

ப + ப + ப/2 + ப/4 + 1 = 100

1-ஐ அந்தப் பக்கம் கொண்டு போனா 99. ரெண்டு பக்கத்தையும் 4-ஆல பெருக்கினா 11ப = 396. ப = 36.

சரிபார்ப்போம்: 36 + 36 + 18 + 9 + 1 = 100. சரி.

ரெண்டு வழியிலயும் அந்த 11 வந்ததை கவனிச்சீங்களா? பாட்டி செஞ்சதும் அல்ஜீப்ராதான், எழுத்து மட்டும்தான் இல்ல. ஒரு எண்ணை ஊகிச்சு, வந்த விடையை வேண்டிய விடையோட ஒப்பிட்டு, அதே விகிதத்துல பெருக்குற இந்த வழி ரொம்பப் பழசு. பாஸ்கராச்சாரியார் 1150-ல எழுதின லீலாவதியில இதுக்கு இஷ்ட கர்மம்னு பேர். அதுக்கும் ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல முன்னாடி எகிப்துல எழுதின ரைண்ட் பாப்பிரஸ்லயும் இதே வழியில கணக்கு இருக்கு.

நம்ம தமிழ்நாட்டுலயும் இந்த மரபு பெருசு. காரி நாயனார் எழுதின கணக்கதிகாரத்துல நிலம், பொன், நெல்லுன்னு வாழ்க்கைக்குத் தேவையான கணக்கெல்லாம் பாட்டாவே இருக்கு. பலாப்பழத்தை வெட்டாமலே சுளையை எண்ண அதுல ஒரு வழி உண்டு. காம்புக்குப் பக்கத்துல இருக்கிற சின்ன முள்ளை எண்ணி, 6-ஆல பெருக்கி, 5-ஆல வகுக்கணும். நம்ம பாஷையில எழுதினா:

சுளை = முள் × 6/5

50 முள் இருந்தா 60 சுளை. (வெட்டிப் பார்த்துட்டு எண்ணிக்கை சரியா வரலைன்னு என்னைக் கேட்காதீங்க!) திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பசங்க பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடின்னு மனப்பாடம் பண்ணது பரீட்சைக்காக இல்ல. நெல்லு அளக்கிற இடத்துலயும் சந்தையிலயும் யாரும் ஏமாத்திடக் கூடாதுன்னுதான்.

பாட்டி வழி எங்க நின்னு போகும்?

பாட்டி முதல் வேலையா அந்த ஒத்தைப் புறாவை ஒதுக்கி வச்சாங்க இல்லையா, விஷயமே அதுலதான் இருக்கு. எல்லாமே தெரியாத எண்ணோட மடங்கா இருந்தாத்தான் "ஊகிச்சு, பெருக்கி" விடை வரும். நடுவுல 60,000 மாதிரி ஒரு நிலையான தொகை புகுந்துட்டா நேரா பெருக்கினா தப்பா போகும். சம்பளம், வரி, வாடகை எல்லாத்துலயும் அப்படி ஒரு தொகை கண்டிப்பா இருக்கும். அப்போதான் எழுத்து தேவைப்படுது.

பழைய இந்தியக் கணித நூல்கள்ல தெரியாத எண்ணுக்கு 'யாவத்தாவத்'னு பேர் வச்சாங்க. "எவ்வளவோ அவ்வளவு"ன்னு அர்த்தம். ஒண்ணுக்கு மேல இருந்தா காலகம், நீலகம்னு நிறத்தோட பேரை வச்சு, கா, நீன்னு முதல் எழுத்தை மட்டும் எழுதுவாங்க. 9-ஆம் நூற்றாண்டுல பாக்தாத்ல அல்-குவாரிஸ்மி எழுதின புத்தகத்தோட தலைப்புல இருந்த 'அல்-ஜபர்'ங்கிற சொல்தான் அல்ஜீப்ராவா ஆச்சு. கழிச்சு நிக்கிறதை அந்தப் பக்கம் கொண்டு போய்க் கூட்டி நிறைவாக்குறதுதான் அந்த அல்-ஜபர். நம்ம வாத்தியார் சொன்ன "பக்கம் மாறினா குறி மாறும்" அதேதான். எக்ஸ், ஒய் எல்லாம் ரொம்பப் பின்னாடி, 1637-ல டெகார்ட் எழுதின புத்தகத்துக்கு அப்புறம் வந்த வழக்கம்.

அதனால எக்ஸைப் பார்த்து பயப்பட வேண்டாம். நான் எப்பவும் செய்யற நாலு வேலை இதுதான்:

1. எது தெரியலையோ அதுக்குப் பேர் வைங்க. மாசத்துக்கா, வருஷத்துக்கா, ரூபாயா, லட்சமான்னு பக்கத்துலயே எழுதுங்க.
2. வாக்கியத்தைத் துண்டு துண்டா சமன்பாடா மாத்துங்க. சதவீதம் வந்தா "எதுல சதவீதம்?"னு கேளுங்க.
3. தீருங்க. இதுக்குத்தான் கால்குலேட்டர்.
4. வந்த விடையை முதல் வாக்கியத்துல திரும்பப் போட்டுப் பாருங்க.

இதுல ரெண்டாவதுதான் எல்லாரையும் கவிழ்க்கும். என்னையும் கவிழ்த்திருக்கு.

"எதுல சதவீதம்?"

ஆர்ட்டிக்கிள்ஷிப் சேர்ந்த புதுசு. அப்போ ஜிஎஸ்டி வரலை, சர்வீஸ் டாக்ஸ் 12.36%. ஒரு பில் தொகை வரியோட சேர்த்து 11,236 ரூபாய். இதுல வரி எவ்வளவுன்னு எழுதணும். நான் 11,236-க்கு 12.36% போட்டு 1,388.77-ன்னு எழுதிட்டேன். சீனியர் பார்த்துட்டு திட்டலை. ஒரே கேள்விதான் கேட்டார்: "எதுல 12.36 சதவீதம்?"

வரி போடுறது அடக்க விலை மேல. நான் போட்டதோ வரியும் சேர்ந்த தொகை மேல. விலையை 'வ'ன்னு வச்சிருந்தா இந்தத் தப்பு வந்திருக்காது.

வ + 0.1236வ = 11,236
1.1236வ = 11,236
வ = 10,000

வரி 1,236. ஒரே பில்லுல நான் 152.77 கூட எழுதியிருக்கேன். அந்த மாதிரி ஒரு கட்டு பில் இருந்தது மேசையில. மொத்தத்தையும் திரும்பப் போட்டேன்.

இன்னைக்கும் அதே கணக்குதான். ஜிஎஸ்டி 18% சேர்த்து பில் 1,180 ரூபாய்னா வரி 212.40 இல்ல. 1.18வ = 1,180, வ = 1,000, வரி 180. ஆபீஸ்ல ரீஇம்பர்ஸ்மென்ட் போடுறவங்க இதை ஒரு தடவை பார்த்துக்கோங்க.

இப்போ ஆஃபர் லெட்டருக்கு வருவோம்

2025-26 நிதியாண்டு, புதிய வரி முறை. சம்பளத்துல இருந்து ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் 75,000 கழியும். மீதிக்கு ஸ்லாப் இப்படி:

4 லட்சம் வரை: வரி இல்ல
4 முதல் 8 லட்சம்: 5%, அதாவது 20,000
8 முதல் 12 லட்சம்: 10%, அதாவது 40,000
12 முதல் 16 லட்சம்: 15%

ஆக 12 லட்சத்துக்கு வரி 60,000. ஆனா வருமானம் 12 லட்சத்துக்குள்ள இருந்தா அந்த 60,000-ஐ ரிபேட்டா அரசே தள்ளுபடி பண்ணிடுது. அதனாலதான் 12,75,000 சம்பளத்துக்கு நம்ம தம்பி ஒரு ரூபாய்கூட வரி கட்டலை.

12 லட்சத்தை ஒரு ரூபாய் தாண்டினா ரிபேட் மொத்தமா போயிடும். ஒரு ரூபாய் கூட சம்பாதிச்சதுக்கு 60,000 வரியான்னு கேட்பீங்க. அதுக்குத்தான் மார்ஜினல் ரிலீஃப்னு ஒண்ணு வச்சிருக்காங்க. 12 லட்சத்துக்கு மேல எவ்வளவு சம்பாதிச்சீங்களோ அதைவிட வரி கூடாது. அதுக்கு மேல 4% செஸ். இவ்வளவுதான் வாக்கியம். இதை சமன்பாடா மாத்துவோம்.

12,75,000-க்கு மேல வர்ற சம்பள உயர்வை 'உ'ன்னு வைக்கிறேன். பிள்ளையார் சுழியும் ஆச்சு!

ஸ்லாப் படி வரி = 60,000 + 0.15உ
ரிலீஃப் படி வரி = உ

இந்த ரெண்டுல எது குறைவோ அதுதான் நீங்க கட்டுறது. எந்த இடத்துல ரெண்டும் சமமாகும்?

உ = 60,000 + 0.15உ
0.85உ = 60,000
உ = 70,588

அதாவது சம்பளம் 13,45,588 ஆகுற வரைக்கும் ரிலீஃப்தான் குறைவு. அதுவரைக்கும் கூடின அத்தனையும் வரி. மேல 4% செஸ் வேற. கைக்கு வர்றது:

உ − 1.04உ = −0.04உ

தம்பியோட உ = 65,000. −0.04 × 65,000 = −2,600.

திரும்பப் போட்டுப் பார்ப்போம். சம்பளம் 13,40,000. 75,000 போக 12,65,000. ஸ்லாப் படி வரி 69,750. ரிலீஃப் படி 65,000. குறைவானது 65,000. செஸ் 2,600. மொத்த வரி 67,600. 13,40,000-ல இதைக் கழிச்சா 12,72,400. பழைய கம்பெனியில 12,75,000. சரியா 2,600 குறையுது.

(பிஎஃப், தொழில் வரி எல்லாம் ரெண்டு பக்கமும் ஏறக்குறைய ஒண்ணுன்னு விட்டுட்டேன். நான் சொல்ற சம்பளம் ஃபார்ம் 16-ல வர்ற கிராஸ் சம்பளம். சிடிசி வேற, அதுல கம்பெனி கட்டுற பிஎஃப்பும் சேர்ந்திருக்கும்.)

தம்பி பேப்பரையே பார்த்துட்டு இருந்தார். "அப்போ எவ்வளவு கேட்டா எனக்கு லாபம் அண்ணே?"

இந்தக் கேள்விக்கு ஆன்லைன் டாக்ஸ் கால்குலேட்டர் நேரா பதில் சொல்லாது. அதுல சம்பளத்தைப் போட்டா வரி வரும். இவருக்கு வேண்டியது தலைகீழ். கைக்கு வர்றது தெரியும், சம்பளம் தெரியாது. இங்கதான் சமன்பாடு சம்பாதிச்சுக் குடுக்கும்.

உ 70,588-ஐத் தாண்டினா ஸ்லாப் வரி வந்திடும். அப்போ கைக்குக் கூடுறது:

உ − 1.04 × (60,000 + 0.15உ) = 0.844உ − 62,400

இது பூஜ்ஜியம் ஆகுற இடம்: உ = 62,400 ÷ 0.844 = 73,934. அதாவது 12,75,000 வாங்குறவர் 13,48,934-ஐத் தாண்டினாத்தான் ஒரு ரூபாய் லாபம் பார்க்க ஆரம்பிப்பார். அப்ரைசல்ல 5% ஹைக்குன்னு கை தட்டுறதுக்கு முன்னாடி இந்த இடத்தை ஞாபகம் வச்சுக்கோங்க. 12,75,000-க்கு 5% ஹைக் 63,750. அது மொத்தமும் இந்தக் குழிக்குள்ளதான் விழும்.

இப்போ சென்னை செலவு. வாடகை, சாப்பாடு, ஊருக்கு வந்து போறதுன்னு மதுரையைவிட மாசம் 8,000 கூட ஆகும்னு தம்பியே கணக்கு சொன்னார். புதிய வரி முறையில வீட்டு வாடகைப் படிக்கு விலக்கு கிடையாது. வருஷத்துக்கு 96,000. கைக்குக் கூடுறது குறைஞ்சது இதுக்காவது சமமாகணும்:

0.844உ − 62,400 = 96,000
0.844உ = 1,58,400
உ = 1,87,678

12,75,000 + 1,87,678 = 14,62,678. சென்னைக்குப் போயும் இப்போ இருக்கிற மாதிரியே இருக்க வேண்டிய சம்பளம் இது. லெட்டர்ல இருந்தது 13,40,000.

இன்னொரு கதவும் இருக்கு

கம்பெனி உங்க பேர்ல என்பிஎஸ்-ல கட்டுற தொகைக்கு புதிய வரி முறையிலயும் விலக்கு உண்டு. பேசிக் சம்பளத்துல 14% வரை. 13,40,000-க்குள்ளயே ஒரு பகுதியை என்பிஎஸ்-ஆ மாத்தச் சொன்னா எவ்வளவு மாத்தணும்? 'ந'ன்னு வைப்போம்.

13,40,000 − 75,000 − ந = 12,00,000
ந = 65,000

வரி பூஜ்ஜியம். இதுக்கு பேசிக் எவ்வளவு இருக்கணும்? 0.14 × பேசிக் = 65,000. வருஷத்துக்கு 4,64,286 இருந்தாப் போதும். பேசிக் பாதி சம்பளம்னு வச்சா 6,70,000 வரும், தாராளமா இடம் இருக்கு.

ஆனா அந்த 65,000 கைக்கு வராது, ரிட்டயர்மென்ட்டுக்குப் போகும். நடுவுல எடுக்க கட்டுப்பாடு நிறைய. வரியா போறதைவிட உங்க பேர்ல சேர்றது நல்லதுதான். அதுக்காக சென்னை வாடகையை என்பிஎஸ் கட்டாது.

அப்புறம், இது வேலை மாறுறவங்களுக்கு மட்டும்னு நினைக்காதீங்க. 12,75,000 சம்பளத்துல சும்மா இருக்கிறவருக்கு எஃப்டி வட்டி 20,000 வந்துதுன்னு வைங்க. வருமானம் 12,20,000 ஆயிடும். ரிலீஃப் படி வரி 20,000, செஸ் 800. வட்டி 20,000-க்கு வரி 20,800! வருஷக் கடைசியில "டிடிஎஸ் ஏன் இவ்வளவு பிடிச்சாங்க?"ன்னு என்கிட்ட வர்றவங்கள்ல சில பேரோட கதை இதுதான்.

எட்டாம் வகுப்பு போதாத இடம்

ஒண்ணை மட்டும் நேர்மையா சொல்லிடறேன். இஎம்ஐ கணக்குல தெரியாதது வட்டி விகிதமா இருந்தா இந்த நேர் சமன்பாடு போதாது. வட்டி அடுக்குல உட்கார்ந்திருக்கும். ஆனா "எதுல சதவீதம்?"ங்கிற கேள்வி அங்கயும் காப்பாத்தும்.

"வெறும் 10% ஃபிளாட் வட்டி சார்"னு பைக் லோன் குடுக்கறாங்க. 1,00,000 ரூபாய், 3 வருஷம். வட்டி 30,000. மாசம் 1,30,000 ÷ 36 = 3,611. எதுல 10%? முழு ஒரு லட்சத்துல, மூணு வருஷமும். ஆனா நீங்க மாசாமாசம் அசலைத் திருப்பிட்டே இருக்கீங்க. ரெண்டாவது வருஷம் ஒரு லட்சம் உங்ககிட்ட இல்லவே இல்ல. குறைஞ்சுட்டே வர்ற பாக்கி மேல கணக்கு போட்டா உண்மையான வட்டி கிட்டத்தட்ட 18%. எக்செல்ல ரேட் ஃபங்ஷன்ல மாசம் 36, இஎம்ஐ மைனஸ் 3,611, கடன் 1,00,000 போட்டு, வர்றதை 12-ஆல பெருக்குங்க. நீங்களே பார்ப்பீங்க.

தம்பி என்ன செஞ்சார்?

மறுநாள் ஓகே சொல்லலை. ரெண்டு நாள் டைம் கேட்டு ஹெச்ஆருக்கு மெயில் போட்டார். "எனக்கு 14,62,678 வேணும்"னு மட்டும் எழுதலை. வரி எவ்வளவு, செலவு எவ்வளவு, அதனால இந்தத் தொகைன்னு அஞ்சு வரியில எழுதினார். அங்க இருந்து 14,20,000-க்கு வந்தாங்க. அதுக்கு மேல முடியாதுன்னுட்டாங்க.

திரும்ப எங்க வீட்டுக்கு வந்தார். இந்தத் தடவை நான் பேனாவைத் தொடலை. அவரே போட்டார். உ = 1,45,000.

0.844 × 1,45,000 − 62,400 = 59,980

செலவு 96,000. வருஷத்துக்கு 36,020 குறையுது. மாசத்துக்கு 3,002.

கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு சொன்னார்: "அண்ணே, அங்க கிடைக்கிற ப்ராஜெக்ட் மதுரையில கிடைக்காது. மாசம் 3,000 குடுத்து அந்த அனுபவத்தை வாங்குறேன்னு வச்சுக்கறேன். ரெண்டு வருஷம் பார்ப்போம்." அவங்க அம்மாவுக்கு மகன் தூரமா போறது வருத்தம்தான். ஆனா 65,000 லாபம்னு நினைச்சு அவர் போகலை. விலை தெரிஞ்சு போனார்.

போகலாமா வேண்டாமான்னு சமன்பாடு சொல்லாது, அதை நீங்கதான் சொல்லணும். அந்த முடிவுக்கு விலை எவ்வளவுன்னு அது சொல்லிடும்.

வீட்டுப்பாடம்

மூணு கணக்கு தர்றேன். விடை கீழ இருக்கு, முதல்ல பேர் வச்சு எழுதிப் பார்த்துட்டு அப்புறம் பாருங்க.

1. நம்ம முல்லைப் பெரியாறு அணைக்காக 1886-ல 999 வருஷக் குத்தகை போட்டாங்க. ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய், மொத்த வாடகை வருஷம் 40,000 ரூபாய். எத்தனை ஏக்கர்?

2. உங்க ஃபண்ட் 20% விழுந்துடுச்சு. பழைய இடத்துக்கு வர எத்தனை சதவீதம் ஏறணும்? (20-ன்னு சொல்லாதீங்க. எதுல?)

3. அவசரத் தேவைக்கு 5,00,000 வச்சிருக்கீங்க. ஒரு பகுதி 7% எஃப்டியில, மீதி 3% சேமிப்புக் கணக்குல. வருஷத்துக்கு வட்டி மொத்தம் 30,000 வேணும். எஃப்டியில எவ்வளவு போடணும்?

விடை: 1) 5ஏ = 40,000, ஆக 8,000 ஏக்கர். 2) 100 ரூபாய் 80 ஆச்சு. 80 + 80ச = 100, ச = 0.25, அதாவது 25%. 3) 0.07அ + 0.03 × (5,00,000 − அ) = 30,000. 0.04அ = 15,000. அ = 3,75,000. மீதி 1,25,000 சேமிப்புக் கணக்குல.

உங்க சம்பளம் 12,75,000-க்கும் 13,48,934-க்கும் நடுவுல இருந்தா, இந்த வாரமே ஹெச்ஆர்கிட்ட ஒரு கேள்வி கேளுங்க: "கம்பெனி வழியா என்பிஎஸ் ஆப்ஷன் இருக்கா?" இதே கணக்கை ஒவ்வொரு படியா போர்டுல எழுதிக் காட்டுற வீடியோ நம்ம சேனல்ல வரும். பார்க்க உட்காரும்போது பேப்பர் பேனாவோட உட்காருங்க.